ரேக்ளாவில் வில் வண்டி சுகம்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் பெரும்பாலும் மாட்டுவண்டிப் பந்தயமும் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரிவு பிரிவாக விடுவார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று தொண்டை கிழியக் கத்தும். திருவரங்குளம், ஆலங்குடி பக்கம் போனால் அந்தப் பந்தய வண்டி ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கூரை கிடையாது. மெத்தை கிடையாது. அச்சின் மேல் நாலு கட்டை... அவ்வளவுதான். பள்ளம் வந்தால் ஓட்டுகிறவரின் முழங்கால்தான் ஸ்பிரிங்!

அதே ஊரில் வயசானவர்களிடம் 'வில் வண்டி' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள், மேலே கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம். சம்பந்தி வீட்டுக்காரர்கள், பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகிற பெண் என்று மரியாதைப்பட்டவர்கள் போன வண்டி. லீஃப் ஸ்பிரிங் என்கிற சமாசாரத்துக்கு நம்மாட்கள் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறதே, கன்வர்ட்டிபிள், அது நாலு சக்கரம் வைத்த ரேக்ளா. வாங்குகிற வரை நம்மாளுக்கு ரேக்ளாதான் வேணும். வாங்கி ஆறாவது மாசம், "முதுகு பிடிச்சுக்கிச்சு அண்ணே, இதைக் கொஞ்சம் வில் வண்டி மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்.

முடியும். பாதி தூரம் வரை. அந்தப் பாதிக்கு எவ்வளவு பணம் பழுக்கும் என்பது எந்த முனையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பெரும்பாலோர் நேராக ஸ்பிரிங்கில் கை வைக்கிறார்கள். அதுதான் தப்பான முனை!

ஏன் என்று கேளுங்கள். ஸ்பிரிங் மேல் நிற்கிற எந்த வண்டிக்கும் ஒரு தாளம் உண்டு. சொகுசுக் கார் நொடிக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை நெருங்கும். நாம் நடக்கும்போதே நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறோம். அந்தத் தாளம் உடம்புக்குப் பழக்கமானதுதான். முதுகெலும்புக்கும் வயிற்றுக்கும் ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரைக்கும் வருகிற படபடப்பு. அதற்கு ஸ்பிரிங்கை விட டயரும், ஷாக் அப்சார்பரும், காய்ந்துபோன ரப்பரும்தான் அதிகம் பொறுப்பு.

முதலில் காற்று. காசே செலவில்லாத வைத்தியம். பெட்ரோல் பங்க்கில் என்ன நடக்கிறது? "எவ்ளோ சார்?" என்கிறான் பையன். "முப்பத்தஞ்சு வெச்சிருப்பா" என்கிறோம். எல்லா வண்டிக்கும் முப்பத்தஞ்சு! 1989-ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் திறந்த கார் உலகம் முழுக்கப் பிரபலம். அதற்குக் கம்பெனி சொன்ன அளவு வெறும் 26 பி.எஸ்.ஐ.! எடை குறைந்த வண்டி, அது போதும். அதில் போய் முப்பத்தஞ்சு அடித்தால் டயர் கருங்கல்லாகிவிடும். உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், அல்லது புத்தகத்தில் இருக்கும். காலையில் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். அதற்காகச் சுகம் போதவில்லை என்று ஸ்டிக்கரில் உள்ளதற்கும் கீழே இறக்காதீர்கள். டயர் சூடாகி வெடித்தால் அப்புறம் சுகமாவது, துக்கமாவது!

அடுத்தது அலாய் வீல் மோகம். மேலே சொன்ன எம்.எக்ஸ்-5-க்கு ஆரம்பத்தில் வந்த டயர் 185/60, 14 அங்குலம். அதாவது பக்கவாட்டு ரப்பரின் உயரம் 185-ல் 60 சதவீதம்: 111 மில்லிமீட்டர். சிங்கப்பூரிலிருக்கும் மச்சான் போட்டோ அனுப்பினான் என்று 17 அங்குல வீல் வாங்கி 205/40 டயர் மாட்டினால், உயரம் 82 மில்லிமீட்டர். ரோட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த மெத்தையில் மூன்று சென்டிமீட்டர் காலி! பெரிய வீல் சாதாரணமாகக் கனமும் ஜாஸ்தி. கனமான சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்க அதிக நேரம் எடுக்கும், அந்தக் குலுக்கல் எல்லாம் உங்கள் முதுகுக்கு. கம்பெனி கொடுத்த சின்ன வீலுக்குத் திரும்பிப் போவதுதான் பல திறந்த கார்களுக்கு மிகச் சிறந்த 'சஸ்பென்ஷன் வேலை'. பார்க்க எடுப்பாக இருக்காது, வாஸ்தவம்.

பணக்கார வியாதி ஒன்றும் உண்டு. 2009-ல் வந்த பி.எம்.டபிள்யூ. இசட்-4 மாதிரி கார்களில் ரன்-ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம், ஏனென்றால் பக்கச் சுவர் அத்தனை விறைப்பு. அந்த விறைப்பே சாதாரண நாளிலும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிச் சொல்லும். அதைச் சாதாரண டயராக மாற்றியதுமே வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது என்று உலகமெங்கும் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டெப்னி கிடையாது! ஒரு சின்ன ஏர் பம்ப்பும் பஞ்சர் சாமானும் டிக்கியில் இல்லாமல் ராத்திரி ஆலங்குடி ரோட்டில் இறங்காதீர்கள்.

இனி ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விடுங்கள். மேலே வந்து அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று தடவை தலையாட்டினால் ஆயுசு முடிந்தது. எண்ணெய் கசிந்திருந்தால் சோதனையே வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் 'இப்படித்தான் இருக்கும்' என்று செத்த ஷாக் அப்சார்பரோடு வருஷக்கணக்கில் ஓட்டுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். கூடவே புஷ், மவுண்ட் எல்லாம். பத்து வருஷம் ஆன ரப்பர் வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி. விலை கொஞ்சம், வேலைக்கூலிதான் ஜாஸ்தி. ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது லாபம். பழைய எம்.எக்ஸ்-5-க்குச் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போக இடம் கம்மி. 1998-ல் வந்த அடுத்த மாடலின் மேல் மவுண்ட்டைப் போட்டுக் கொஞ்சம் இடம் சம்பாதிக்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை, கவனிக்கவும்.

ஸ்பிரிங்கைத் தொடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வெட்டுகிறார்கள்! "ரெண்டு சுத்து எடுத்துட்டா வண்டி சும்மா தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கும்!" நிற்கும். ஆனால் சுருள் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும், இளகாது. பாதி இறங்குவதற்குள் அடியில் உள்ள ரப்பர் கட்டையில் இடிக்கும். போதாததற்கு நம்ம ஊர் வேகத்தடை! இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்ன கணக்கு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். ஊருக்குள் போடுவது அரை மீட்டர் அகலத்தில் ஒரு வரப்பு! வெட்டின வண்டி அதில் ஏறாது. ஏறினால் இறங்காது. நடுவில் ஊஞ்சல்.

இதெல்லாம் எல்லாக் காருக்கும் பொது. திறந்த காருக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. செருப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள்... அதுதான் கன்வர்ட்டிபிள். கூரை போனதும் உடம்பின் விறைப்பு போகிறது. பள்ளத்தில் இறங்கினால் முன் கண்ணாடி ஒரு பக்கம், டாஷ்போர்டு ஒரு பக்கம் நடுங்கும். உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் லாரி ரெண்டாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. கம்பெனிக்காரர்கள் அடியில் கூடுதல் இரும்பு வைத்துத்தான் விற்கிறார்கள். பழைய வண்டியில் அந்த போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், கதவு ரப்பர் அமுங்கியிருக்கும். அதை இறுக்கி, இதை மாற்றினாலே பாதி நடுக்கம் போகும்.

கூரையை போல்ட் போட்டே வைத்த கார் ஒன்று நம்ம மெட்ராஸோடு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு. அடியில் தனி சேஸிஸ், மேலே துண்டு துண்டாகப் பூட்டிய பாடி, ஆகவே அங்கே கன்வர்ட்டிபிள் சுலபமாகப் பிறந்தது. 1961 முதல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தது. அம்பாஸடரிலும் பியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில். ஹெரால்டில் நாலு சக்கரமும் தனித்தனி. பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு வில் பட்டை, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை. நிஜமான வில் வண்டி! ஆனால் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். இங்கே ஓட்டுகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஊசலாடும் அச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1972-ல் அதே குடும்பத்தில் வந்த கெஸல் காரில் பின்னால் பழையபடி ஒரே அச்சு. என்னைக் கேட்டால், அந்தப் பேரம் சரிதான்.

ஹெரால்டின் கூரை போல்ட்டில் நின்றது. மாருதி 800-ன் கூரை அப்படி இல்லை, அது உடம்போடு பிறந்தது. தெருமுனைப் பட்டறையில் கேஸ் கட்டர் வைத்துக் கூரையை அறுத்து 'ஸ்போர்ட்ஸ் கார்' பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுத்த கொஞ்ச நாளில் கதவு சரியாகச் சாத்தாது. நடு தொங்கும். எந்த ஷாக் அப்சார்பரும் அதைச் சரி பண்ணாது. கவிழ்ந்தால் தலைக்கு மேலே ஆகாயம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தியே சொல்லிவிட்டது. கேஸ் கட்டர் செலவு ஆயிரங்களில். விபத்து என்று வந்தால் போலீஸ், இன்ஷூரன்ஸ் என்று அலைகிற செலவு எதில் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நம்ம சம்பளத்துக்கும் லோனுக்கும் எட்டுகிற திறந்த வண்டி எது? ரொம்ப வருஷம் மாருதி ஜிப்ஸி. 1985-ல் வந்தது, நாலு பக்கமும் வில் பட்டைதான். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் துருப்பிடித்தால் வில் வளையாது, வண்டி ரேக்ளாவாகும். பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் பண்ணி, ஷேக்கிள் புஷ்ஷை மாற்றினால் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் உண்டு. "ஒரு பட்டையை உருவிடு, மெத்துனு இருக்கும்" என்கிற யோசனை மட்டும் வேண்டாம். நாலு பேர் ஏறினால் மிச்சப் பட்டை முறியும். மஹிந்திரா தார் 2010-ல் வந்தபோதும் பின்னால் வில் பட்டைதான். 2020 மாடலில் முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங் ஆக்கிவிட்டார்கள். பழைய தாரை வாங்கிச் சீட்டுக்கு மேல் சீட்டுப் போட்டுச் செலவு செய்வதை விட, பட்ஜெட் இடம் கொடுத்தால் புதுசைப் பார்ப்பது உத்தமம்.

எந்த வேலை செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரு வாரம் காற்று மட்டும், அடுத்து டயர், அப்புறம் ஷாக் அப்சார்பர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே ரோடு, அதே வேகம். முக்கியமாக, நீங்கள் ஓட்டாதீர்கள்! ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்குப் பள்ளம் வருவது முன்னாலேயே தெரியும், உடம்பு தயாராகிவிடும். மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிவிட்டு, கையில் முக்கால் டம்ளர் தண்ணீரோடு பக்கத்து சீட்டில் உட்காருங்கள். புதுக்கோட்டையில் கிளம்பித் திருவரங்குளம் கோயில் வாசலில் இறங்கும்போது டம்ளரில் பாதி மிச்சம் இருந்தால் அவருக்குக் கூலியைக் கொடுத்துவிடலாம். பேன்ட் நனைந்திருந்தால், "அண்ணே, அந்தப் புஷ்ஷை இன்னொரு தடவை பாருங்க!"