பொறிக்கு ஊற்றும் எண்ணெய்: இயற்கையா, செயற்கையா?

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர் விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து அச்சுக்கு இட்டனர். அதனை வண்டி மை என்றும் மசகு என்றும் வழங்கினர். மை இடாத வண்டி முதலில் கிறீச்சிடும். பின்னர் அச்சுத் தேயும். முடிவில் நடுவழியில் நின்றுவிடும். இன்று மாட்டின் இடத்தில் பொறி வந்துவிட்டது. ஆயினும், இரும்போடு இரும்பு உராயின் தேயும் என்னும் நியதி மாறவில்லை. இற்றை நாள் மசகுக்கு மலாய்மொழியில் 'மின்யாக் ஹித்தாம்', அஃதாவது கறுப்பெண்ணெய், என்று பெயர். இந்தக் கறுப்பெண்ணெயைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கி, உரமூட்டைகளோடு மீண்டும் மலையேறும் டீசல் பிக்கப் வண்டி ஒன்று நம்மவர் ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். தாப்பா அடிவாரத்திலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும்போது அவ்வண்டி 1,300 மீட்டருக்கு மேல் உயர்கின்றது. எண்ணெய் மாற்றும் நாளில் அவர் கடைக்குச் செல்கின்றார். தாது எண்ணெய், பாதிச் செயற்கை எண்ணெய், முழுச் செயற்கை எண்ணெய் என மூவகைக் கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. விலையில் பெரிய வேறுபாடு. "விலை கூடியதே சிறந்தது" என்கின்றார் கடைக்காரர். "பழைய வண்டிக்குச் செயற்கை எண்ணெய் ஆகாது" என்கின்றார் நண்பர். இவர் எதனைக் கொள்வது? பிழையாகத் தேர்ந்தால் கெடுவது பொறி. பொறி கெட்டால் கெடுவது பிழைப்பு. ஆகவே இவ்வினா அற்பமானதன்று.

எண்ணெயின் தொழில்

பொறிக்குள் எண்ணெய் நான்கு தொழில்களைச் செய்கின்றது. சுழலும் உறுப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கின்றது. தண்ணீர் செல்லாத இடங்களின் வெப்பத்தை ஏந்தி வருகின்றது. எரிதலால் உண்டாகும் கரியைத் தன்னுள் தாங்கிப் படியவிடாமல் காக்கின்றது. எரிபொருளால் தோன்றும் அமிலத்தை முறிக்கின்றது. முதலிரண்டும் பெரும்பாலும் அடிப்படை எண்ணெயின் வேலை. பின்னிரண்டும் அதில் சேர்க்கப்படும் மருந்துப் பொருள்களின் வேலை. இந்தப் பாகுபாட்டை மனத்திற் கொண்டால், செயற்கை எண்ணெய் எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பது எளிதில் விளங்கும்.

செயற்கை என்பது யாது?

நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் பல அளவும் பல வடிவும் உடைய மூலக்கூறுகள் கலந்துள்ளன. அதனை வடித்துத் தூய்மை செய்தால் தாது எண்ணெய் கிடைக்கும். இஃது ஆற்றுக் கூழாங்கல்லைச் சலித்தெடுப்பது போன்றது. எவ்வளவு சலித்தாலும் கற்கள் ஒத்த அளவின ஆகா. சிறிய மூலக்கூறுகள் வெப்பத்தில் ஆவியாகிப் போகும். வேறு சில எளிதில் காற்றோடு கூடிக் கெட்டுக் கசடாகும்.

செயற்கை எண்ணெயோ அச்சில் வார்த்த செங்கல் போன்றது. எத்திலீன் என்னும் வாயுவிலிருந்து பத்துக் கரியணுக்களை உடைய டெசீன் என்னும் பொருளை ஆக்குவர். பின்னர் அதன் மூலக்கூறுகளை மூன்று, நான்கு எனப் பிணைத்து விரும்பிய எண்ணெயைப் பெறுவர். ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து வகுப்பாகப் பிரித்துள்ளது. இது நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. எஸ்டர்கள் முதலியன ஐந்தாம் வகுப்பு. ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் சோர்ன் 1930களில் எஸ்டர்களை ஆராய்ந்தார். போருக்குப் பின் ஜெட் விமானப் பொறிகளுக்கு எஸ்டர் எண்ணெய்களே ஏற்றவையாயின. 1970களில்தான் செயற்கை எண்ணெய் சாதாரண மோட்டார் வண்டிக்குக் கடைப் பொருளாக வந்தது.

மூன்றாம் வகுப்பு இடைப்பட்டது. கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளையே மிகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைக் கொண்டு உடைத்துத் திருத்தி இதனை ஆக்குவர். இதனைச் 'செயற்கை' என்று சொல்லலாமா என்பது பற்றி அமெரிக்காவில் பூசல் எழுந்தது. கேஸ்ட்ரால் நிறுவனம் அவ்வாறு விளம்பரம் செய்ததை மொபில் நிறுவனம் எதிர்த்தது. 1999-ஆம் ஆண்டு விளம்பரங்களை ஆராயும் அமைப்பு கேஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்புரைத்தது. அதன்பின் மூன்றாம் வகுப்பு எண்ணெயும் உலகின் பல நாடுகளில் செயற்கை எண்ணெய் என்றே விற்கப்படுகின்றது. கேஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது என்பது, வண்டி மை கண்ட நமக்குச் சுவை தரும் செய்தி.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. மலாக்காவில் பெட்ரோனாஸ் மூன்றாம் வகுப்பு எண்ணெயை உற்பத்தி செய்கின்றது. சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் நிறுவனத்தின் ஆலை 1993-ஆம் ஆண்டிலிருந்து இயற்கை வாயுவைத் திரவமாகவும் மெழுகாகவும் மாற்றி வந்திருக்கின்றது. இத்தகைய மெழுகும் உயர்தர அடிப்படை எண்ணெய்க்கு மூலப்பொருளாகும். 'பாதிச் செயற்கை' என்பதில் மட்டும் விழிப்பு வேண்டும். எவ்வளவு கலந்தால் அப்பெயர் தகும் என்று ஏ.பி.ஐ. தரங்கள் வரையறுக்கவில்லை.

கலத்தின்மேல் உள்ள எண்கள்

கலத்தில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என எழுதப்பட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இயங்கும் என்பதைக் காட்டும். 5டபிள்யூ எண்ணெயின் இழுவையைச் சுழியத்திற்குக் கீழ் 30 பாகையிலும், 15டபிள்யூ எண்ணெயைக் கீழ் 20 பாகையிலும் சோதிப்பர். பின்னுள்ள எண் பொறி சூடேறிய நிலைக்குரியது. 100 பாகை செல்சியஸில் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5-க்கு உட்பட்டிருப்பின் 30, 12.5 முதல் 16.3-க்கு உட்பட்டிருப்பின் 40.

கேமரன் மலையின் விடியற் குளிரும் 15 பாகையை ஒட்டியே இருக்கும். அங்ஙனமாயின் குளிரைத் தாங்கும் செயற்கை எண்ணெயால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நமக்குரிய பயன் வெப்பத்தின் பக்கம் உள்ளது. பிக்கப் வண்டியின் டர்போ காற்றழுத்தியின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அது மிதப்பது எண்ணெய்ப் படலத்தின்மேல். பாரத்தோடு மலையேறி வந்து உடனே பொறியை நிறுத்தினால், காய்ந்த தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கருகிப் படியும். செயற்கை எண்ணெய் இவ்வெப்பத்தைத் தாது எண்ணெயினும் நன்றாகத் தாங்கும், ஆவியாவதும் குறைவு. ஆதலின் பாரம் சுமக்கும் வண்டிக்கு அதன் கூடுதல் விலை பெரும்பாலும் தகும். ஆயினும், எவ்வெண்ணெய் ஆயினும் ஏறி வந்தபின் ஓரிரு நிமிடம் பொறியை மெல்ல ஓடவிட்டு நிறுத்துவதே அறிவுடைமை.

விலையினும் முந்தியது தரக்குறி

'முழுச் செயற்கை' என்னும் சொல்லைப் பார்த்து மட்டும் வாங்குவது பிழை. வண்டியோடு வந்த கையேடு எத்தரக்குறியைக் கூறுகின்றது என்பதே முதலிற் பார்க்கத்தக்கது. சிறப்பாக, புகைப்போக்கியில் டீசல் துகள் வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். எண்ணெயிலுள்ள உலோக மருந்துகள் எரிந்து சாம்பலாகி வடிகட்டியில் தங்கும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை அவ்வாறு நீக்க இயலாது. ஐரோப்பியத் தரமான சி3 என்பதில் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஜப்பானிய ஜாசோ டிஎல்-1 தரத்தில் இவ்வளவு இன்னும் குறைவு. கையேடு இவற்றுள் ஒன்றைக் கூறியிருக்க, சாம்பல் மிகுந்த விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றுபவர் பணம் கொடுத்து வடிகட்டியை அடைத்தவராவார். குறி பொருந்திய எளிய எண்ணெய், குறி பொருந்தாத உயர்ந்த எண்ணெயினும் மேல்.

செயற்கை எண்ணெய் செய்யாதது

செயற்கை எண்ணெய் ஊற்றினால் இருமடங்கு தூரம் ஓடலாம் என்போர் உளர். அடிப்படை எண்ணெய் நெடுநாள் தாங்கும் என்பது மெய். ஆனால் கரி சேர்வதையும், மருந்து தீர்வதையும், எரிபொருள் எண்ணெயில் கசிவதையும் அது தடுக்காது. வடிகட்டியிலுள்ள கரியை எரிக்கும் பொருட்டுச் சில பொறிகள் உருளைக்குள் மிகுதியாக டீசலைத் தெளிக்கும். அதில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்கும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிர்டீசல் கலந்துள்ளது. அது டீசலைப்போல் எளிதில் ஆவியாகி வெளியேறாது. எண்ணெயிலேயே தங்கி அதனை நீர்க்கச் செய்யும். ஆகவே கையேடு கூறும் தொலைவு, காலம் ஆகிய இரண்டில் எது முந்துகின்றதோ அப்போதே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக. பாரம், புழுதி, குறும்பயணம் மிகுந்த வண்டிக்குக் கையேடே குறுகிய தவணையைக் கூறியிருக்கும், அதனைக் கொள்க.

சில ஐயங்கள்

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா? டீசல் பொறியில் புதிய எண்ணெயும் விரைவில் கறுக்கும். கரியைத் தாங்கி நிற்கின்றது என்பதற்கு அஃது அடையாளம். கறுப்பெண்ணெய் என்னும் பெயர் பொருத்தமானதே!

தாது எண்ணெயோடு செயற்கை எண்ணெயைக் கலக்கலாமா? குறை நிரப்ப வேண்டியவிடத்துக் கலக்கலாம், ஏ.பி.ஐ. தரம் பெற்றவை ஒன்றோடொன்று இணங்குவன. ஆயின் உயர்ந்ததன் பயன் அந்த அளவுக்குக் குறையும்.

பழைய வண்டிக்கு ஆகாதா? முற்காலச் செயற்கை எண்ணெய்கள் சில ரப்பர் அடைப்புகளைக் கெடுத்ததால் எழுந்த அச்சம் இது. இன்றைய எண்ணெய்கள் அக்குறை நீங்கியவை. முன்னரே ஒழுகும் பொறியை எந்த எண்ணெயும் குணமாக்காது. அடைப்பை மாற்றுவதே வழி.

அளவு பார்ப்பது எப்படி? வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் இட்டுப் பார்க்க. குறைந்தாலும் கவலைக்குரியது, ஊற்றாமலே கூடினாலும் கவலைக்குரியது. கூடுதல், டீசல் இறங்குவதைக் காட்டும். அந்நிலையில் தவணையை எதிர்பாராது எண்ணெயை மாற்றிப் பொறியைப் பரிசோதிக்க.

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டலாகாது. நம் சட்டத்தில் அஃது எஸ்.டபிள்யூ. 305 என்னும் குறியிட்ட கழிவுப் பொருள். ஏற்று அகற்றும் பட்டறையில் ஒப்படைக்க. மலைமேல் கொட்டியது அடிவாரத்தார் குடிநீருக்கே வந்து சேரும்.

இனி நம் காய்கறி வியாபாரிக்கு விடை கூறலாம். முதலில் கையேட்டைத் திறந்து தரக்குறியும் எண்ணும் பார்க்க. அவை பொருந்தியவற்றுள், மலையேறிப் பாரம் சுமக்கும் அவர் செயற்கை எண்ணெயைக் கொள்வது நன்று. கைப்பணம் போதாதாயின், குறி பொருந்திய எளிய எண்ணெயை வாங்கித் தவணை தவறாது மாற்றுக. விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி அதனை மறந்திருப்பவரினும் அவரே பொறியை நன்கு காப்பவர். வண்டி மை இட்ட முன்னோரும் மையின் விலையை நம்பி இருந்தாரல்லர். பயணந்தோறும் அச்சைப் பார்த்து இட்டனர்.