பழைய தையல் யந்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் தறியோசையால் அறியப்படும் ஊர். நெய்த துணியைத் தைத்தும் விற்றால் கூலியோடு இன்னும் நாலு காசு சேருமே என்னும் எண்ணம் இங்குப் பல இல்லங்களில் உண்டு. அவ்வெண்ணத்துடன் அங்கத்தினரான ஓர் அம்மையார், தணிக்கைக்குச் சென்றிருந்த என்னை அணுகினார்.

"ஐயா, மோட்டார் வைத்த பழைய சிங்கர் மிஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சேமிப்புப் பணத்தை எடுத்து வாங்கலாமா? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கணக்கைத் தணிக்கை செய்யத் தெரிந்த எனக்கு யந்திரத்தைத் தணிக்கை செய்யத் தெரியாது. ஆயினும் சென்று பார்த்தேன். மோட்டார் ஓடிற்று, தையலும் சீராக விழுந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். மறுகணமே அம்மையார், யந்திரத்தைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விற்பவர் இருமுனைப் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். அதிர்ச்சி நின்றது. "சரியாகிவிட்டது" என்றார் அவர்.

சரியாகவில்லை என்பதை உள்ளூர் ஒயர்மேன் வந்த பிறகே அறிந்தேன். மோட்டாருக்குள் நுழையும் கம்பியின் ரப்பர் உறை எண்ணெய் பட்டு வெடித்து, செம்பு வெளித்தெரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளக்கைத் திருப்பினால் பழுது மறையுமேயன்றி நீங்காது. அடுத்த முறை யாரேனும் மாற்றிச் செருகினால் யந்திரம் முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் தைப்பவருக்கு அது உயிராபத்து.

ஆகவே, அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

முதலாவது, பிளக்கைச் செருகுமுன் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் யந்திரம் நல்லது. வட்டப் பாபின் உடையதாயின் உதிரிகள் எளிதிற் கிடைக்கும். நீண்ட ஓடம் உடையதாயின் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 வோல்ட்டுக்குரியனவாக இருக்கக்கூடும். நேரே இணைத்தால் கருகிவிடும்.

மூன்றாவது, கம்பிகளையும் கார்பன் பிரஷ்களையும் காற்பலகைக் கட்டுப்பாட்டையும் ஒயர்மேனிடம் காட்டுங்கள். மெக்கர் கருவியால் மின்காப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது 1 மெகோமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாரை உபயோகித்தல் கூடாது. பழுது நீக்கிய பின்னும் மூன்று முனைப் பிளக்கின் வாயிலாக நில இணைப்புக் கொடுப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் பொருத்துவதும் அவசியம்.

நான்காவது, மோட்டார் பழுதானால் யந்திரமே பழுதென்று எண்ணற்க. வெளியே திருகாணியால் மாட்டி, பட்டையால் ஓடும் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கால்மிதியில் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளேயே பற்சக்கரத்துடன் இணைந்த மோட்டாராயின் அது எளிதன்று. ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் நகரில் இருந்த சிங்கர் ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆதலால் அங்குச் செய்த பழைய மோட்டாருக்கு அதே வார்ப்பில் புதிது கிடைக்கும் என்று நம்பி விலை பேசலாகாது.

அந்த அம்மையார் வாங்க எண்ணியது பட்டையால் ஓடுவது. மோட்டாருக்கு மதிப்பே இல்லை என்று கணக்கிட்டு, இரும்புத் தலைக்கு மட்டும் விலை பேசினார். கேட்டதில் பாதிக்கே முடிந்தது. இன்று அது கால்மிதியில் ஓடுகிறது. மிச்சப்பட்ட பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது.

ஓடுவதெல்லாம் நன்றாயிருப்பதாகாது என்பதை நான் அன்று கற்றேன். கணக்கிலும் அப்படித்தான், கூட்டல் சரியாக இருப்பது மட்டும் போதாது.