மண்ணின் வெப்பமும் நுண்ணுயிர்களும்

நம் சமவெளி உழவர் ஆண்டுதோறும் வயலில் தொழுவுரமும் தழையுரமும் இடுகின்றனர். மறு ஆண்டு பார்த்தால், இட்ட எரு இருந்த இடம் தெரிவதில்லை. நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளிலோ, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த புல்லும் பூண்டும் முற்றும் மட்காமல், கரிய படிவாய்க் கிடக்கின்றன. இவ்வேறுபாடு ஏன்? சதுப்பில் நீர் தேங்கிக் காற்றுப் புகாமை ஒரு காரணம். குளிர் மற்றொரு காரணம்.

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதனுள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூஞ்சைகளும் அவற்றோடு உள்ளன. இறந்த இலை, வேர் ஆகியவற்றைத் தம் நொதிகளால் சிதைத்து உண்பதே இவற்றின் தொழில். பயிருக்கு உணவாகும் தழைச்சத்து அதனால் வெளிப்படுகிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இத்தொழிலின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும். மண்ணுயிர்களுள் பெரும்பாலானவை 25 முதல் 35 பாகை வரையில் செழித்து வளர்கின்றன. எனவேதான் சமவெளியில் எரு விரைவில் கரைந்துவிடுகிறது. பயிருக்கு ஊட்டம் உடனே கிடைப்பது நன்மையே. ஆயின் மண்ணில் மட்குச் சேர்வதில்லை. உழவர் ஆண்டுதோறும் எரு இட வேண்டியிருப்பது இதனாலேயாம்.

வெப்பம் எல்லை கடந்தாலோ நிலைமை மாறும். வெண்கரு வெந்து இறுகுவதுபோல நொதிகளின் புரதம் கெட்டுவிடும். கோடையில் வெற்று நிலத்தின் மேற்பரப்பு 50 பாகைக்கு மேலும் கொதிப்பதுண்டு. அப்போது சில பாக்டீரியாக்கள் தடித்த உறையுள் வித்துகளாய் உறங்கி, மழையை எதிர்நோக்கியிருக்கும். சருகால் நிலத்தை மூடினால் இவ்வெப்பம் தணியும்.

வெம்மையையே விரும்பும் உயிர்களும் உள. புதிதாய்க் குவித்த எருக்குவியலுள் கையை நுழைத்தவர், சுட்டவுடன் வெளியே இழுத்திருப்பர்! அச்சூடு வெயிலால் வந்ததன்று. நுண்ணுயிர்கள் உண்டு மூச்சுவிடுவதால் பிறந்தது. குவியல் 55 பாகையைக் கடந்து சில நாள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். ஆல்பர்ட் ஹோவார்டு, யஷ்வந்த் வாட் என்னும் அறிஞர் இருவரும் 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட இந்தூர் முறையில், குவியலைப் பலமுறை புரட்டிவிடுவது இன்றியமையாத பகுதி. புரட்டும்போது புதுக்காற்றுப் புகும். வெளிப்புறத்தில் குளிர்ந்து கிடந்த குப்பையும் உட்சென்று வேகும்.

இனி வடதுருவத்தை அடுத்த சைபீரியா, அலாஸ்கா, கனடா ஆகிய நிலப்பகுதிகளைப் பாருங்கள். அங்கு ஆண்டு முழுதும் உறைந்த மண்ணில் அடங்கியுள்ள கரி, உலகின் காற்றுமண்டலத்திலுள்ள கரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. உலகு வெப்பமடைய, அம்மண் உருகி வருகிறது. நெடுங்காலம் செயலற்றிருந்த நுண்ணுயிர்கள் விழித்து, அதனை உண்ணத் தொடங்கியுள்ளன. காற்றுள்ள இடத்தில் கரியமில வாயுவும், நீர் தேங்கிய இடத்தில் மீத்தேனும் வெளிவருகின்றன. அவை உலகின் வெப்பத்தை மேலும் உயர்த்த, இன்னும் சிறிது மண் உருகுகிறது.