குயிலாப்பாளையம் சாலையும் இழப்பீட்டுச் சட்டமும்

மரக்காணத்தின் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வருபவர், அடுத்த சில மைல்களுக்குள் மூன்று முறை எல்லை மாறுகிறார். தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரியைச் சேர்ந்த காலாப்பட்டு, அதைத் தாண்டியதும் மறுபடியும் தமிழ்நாட்டின் பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி, கோட்டக்குப்பம். பிறகு மீண்டும் புதுச்சேரி. பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக ஆரோவிலின் வாசலில் இருக்கிறது குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்தான். ஆனால், வார இறுதியில் ஒரு பெருநகரத்தின் போக்குவரத்து அதன் தெருக்களின் வழியே போகிறது. அந்த நெரிசலில் பெரும்பகுதி, வாடகைக்கு எடுத்த இருசக்கர வாகனங்கள். ஓட்டுபவருக்குச் சாலை புதிது, வண்டியும் புதிது, தலைக்கவசம் பல நேரங்களில் இல்லை.

2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. விபத்துகள் 64,105, உயிரிழந்தோர் 17,884 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் சாலைகளில் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. இந்த எண்களுக்குப் பின்னால், பிழைத்துக்கொண்டு, ஆனால் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்களின் பெருங்கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு உரிய தொகையைச் சட்டம் எப்படிக் கணக்கிடுகிறது, யாரிடமிருந்து பெற்றுத் தருகிறது என்பது படித்தவர்களுக்கேகூடத் தெளிவாகத் தெரிவதில்லை.

வாடகை வண்டியிலிருந்தே தொடங்கலாம். இருசக்கர வாகனங்களை வாடகைக்கு விடுவதற்கு மத்திய அரசின் 1997ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனமே இந்தத் தொழிலைச் செய்யலாம். அத்தகைய வண்டியின் பதிவெண் பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்துகளுடன் இருக்கும். வெள்ளைப் பலகை கொண்ட வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டி என்று பொருள். அதன் காப்பீட்டு ஒப்பந்தத்திலும் வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அந்த வண்டி ஒரு பாதசாரியின் மீது மோதினால், தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தை முதலில் பணம் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. அடிபட்டவர் ஓரளவு தப்பித்துக்கொள்கிறார். சில நூறு ரூபாய் வாடகைக்கு வண்டியைக் கொடுத்தவர், பல லட்சம் ரூபாய்க்கான வசூல் நடவடிக்கையைச் சந்திக்க நேரிடுகிறது.

வண்டியை ஓட்டியவரின் நிலை இன்னும் மோசமானது. கட்டாயக் காப்பீடு என்பது பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. தன் தவறால் தானே விழுந்தவருக்கு அதில் உரிமை இல்லை. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். அவர் மூன்றாம் நபர் அல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைபெற்ற கருத்து. சொந்த அலட்சியத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாது என்று 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும் என்று பலரும் நம்புகிறார்கள். போதாது. சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் உள்ள இருசக்கர வாகனத்தில், கட்டணமின்றி உடன் வருபவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. முழுமையான காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வண்டியின் பெட்ரோல் அளவைப் பார்க்கும் நேரத்தில் காப்பீட்டுத் தாளையும் ஒருமுறை பார்க்கலாம்.

இனி, மோதப்பட்டவரின் பக்கம். இந்தக் கடற்கரையில் அவர் பெரும்பாலும் உப்பளத் தொழிலாளியாகவோ மீனவராகவோ முந்திரித் தோப்பில் கூலிக்குச் செல்பவராகவோ இருப்பார். வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுவதால், உப்பளத்துக்குச் செல்பவர்கள் இருள் பிரியாத நேரத்தில் சாலையோரம் நடக்கிறார்கள். அவர்களிடம் சம்பளச் சீட்டு இல்லை. வருமான வரிக் கணக்கு இல்லை. மழைக்காலத்தில் வேலையே இல்லை. 'வருமானத்தை நிரூபிக்கவில்லை' என்ற ஒற்றை வரியில் இவர்களின் இழப்பு சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. 2011இல் ராமச்சந்திரப்பா வழக்கிலும், 2014இல் சையத் சாதிக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. முன்னவர் கூலித் தொழிலாளி; பின்னவர் காலை இழந்த காய்கறி வியாபாரி. இப்படிப்பட்டவர்களிடம் ஆவணச் சான்றை எதிர்பார்ப்பதில் பொருளில்லை; சொல்லும் வருமானம் நியாயமானதாக இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

அதைவிட முக்கியமானது 2010ஆம் ஆண்டின் ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு. உடலின் ஊனம் வேறு, அதனால் பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருவாய் இழப்பு ஏறத்தாழ முழுமையானது. அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வருவாய் இழப்பே இல்லாமல் போகலாம். மருத்துவர் தரும் சான்றிதழின் விழுக்காடு இருவருக்கும் ஒன்றுதான். தீர்ப்பாயத்தின் கணக்கு ஒன்றாக இருக்கக் கூடாது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். 38 வயதுப் பெண் ஒருவர், உப்புப் பாத்தியில் வேலை செய்பவர். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. சுயதொழில் அல்லது கூலி வேலையில் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு வகுத்த முறை, ஆக 1,68,000. 36 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பின்படி பெருக்கெண் 15. மொத்தம் 25,20,000 ரூபாய். கணுக்கால் எலும்பு நொறுங்கி, மருத்துவர் 30 விழுக்காடு ஊனம் என்று சான்றளித்தால், அந்த எண்ணை அப்படியே போட்டு 7,56,000 ரூபாய் என்று முடித்துவிடலாம். ஆனால், உப்பு நீரில் மணிக்கணக்கில் நின்று, வழுக்கும் வரப்பில் சுமையோடு நடக்கும் வேலைக்கு அந்தக் காலால் இனிப் போக முடியாது. வேறு வேலையும் அவருக்குத் தெரியாது என்று எடுத்துரைத்து, பிழைப்பின் இழப்பு 60 விழுக்காடு என நிறுவினால் தொகை 15,12,000 ரூபாய். ஒரே கால், ஒரே முறிவு. அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதை நீதிபதிக்கு யாராவது விளக்கினார்களா என்பதுதான் வேறுபாடு. மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை தனி.

வழக்கு நடத்தும் வசதியோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு 164ஆவது பிரிவு ஒரு குறுக்கு வழி. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, இறப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம். மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டால், இதை ஏற்பதற்கு முன் நிதானமாக யோசிக்க வேண்டும் என்பது விளங்கும். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை, வட்டாட்சியர் அல்லது கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது இரவில் லாரி அடித்துப் போட்டுச் சென்ற எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும் என்பது ஐயமே.

காலக்கெடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1994 முதல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் இந்த மனுக்களுக்குக் கால வரம்பே இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு விதித்தது. எலும்பு கூடி எழுந்து நிற்பதற்கே ஆறு மாதம் பிடிக்கும் ஒருவருக்கு இது கொடுமையான விதி என்பதே என் கருத்து. இது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால ஆணையும் வந்தது. இடைக்கால ஆணையை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாகக் கருதலாம். ஆகவே, அறிக்கை அனுப்பப்பட்டதா என்று காவல் நிலையத்தில் கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை.

இந்த எல்லையோரத்தில் அது அவ்வளவு எளிதன்று. மோதல் பொம்மையார்பாளையத்தில், சிகிச்சை புதுச்சேரி ஜிப்மரில், வண்டி சென்னைக்காரருடையது என்றால் எங்கே போவது? முதல் தகவல் அறிக்கையை, எல்லையைக் காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் மறுக்க முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. இழப்பீட்டு மனுவையும் விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம்.

உயிரைக் காக்கும் முதல் மணி நேரத்தில் பணம் தடையாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து மாநில எல்லைக்குள் நடந்திருந்தால் எந்த மாநிலத்தவருக்கும் எந்த நாட்டவருக்கும் பொருந்தும். ஆரோவிலுக்கு வரும் வெளிநாட்டவரும் இதில் அடக்கம். 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டமும் ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைச் சாட்சியாக வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. 134அ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

இவ்வளவு சட்டமும் மோதலுக்குப் பிறகு வருவது. மோதலைத் தவிர்ப்பதில் வேகமே முதற்காரணி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு விநாடியில் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னொரு 23 மீட்டர் தேவை. 40 கி.மீ. வேகத்தில் மொத்தமே 21 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மணல் படிந்த கடற்கரைச் சாலையில் இந்தத் தூரங்கள் இன்னும் கூடும். தலைக்கவசம் உயிரிழப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது. வாடகைக்கு விடுபவர் வண்டிச் சாவியோடு அதையும் கையில் கொடுத்தால், 1,000 ரூபாய் அபராதம் செய்ய முடியாததை அது செய்துவிடும்.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்வதில் ஓர் அநீதி உண்டு. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடர்ந்த பொதுநல வழக்கிலிருந்துதான் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு பிறந்தது. தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் நீதிமன்றம் சொன்னதும் அதே வழக்கில்தான். குறைபாடான வடிவமைப்பால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் சாலையை அமைத்தவருக்கும் பராமரிப்பவருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198அ பிரிவு இடம் தருகிறது. மாமல்லபுரம் – புதுச்சேரி சாலை நான்கு வழியாக அகலமாகும்போது வண்டிகளின் வேகம் கூடும். சாலையைக் கடக்க வேண்டிய தூரமும் கூடும். உப்பளத்துக்கு நடப்பவர் விடியற்காலையில் எந்த இடத்தில் சாலையைக் கடப்பார், அங்கே விளக்கு இருக்குமா, ஆரோவில் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க என்ன ஏற்பாடு என்ற கேள்விகளை இந்த ஊர்களின் கிராம சபைகள் நெடுஞ்சாலை அதிகாரிகளிடம் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதிவுசெய்து வைக்கலாம். நாளை ஒரு வழக்கு வந்தால், நீதிமன்றத்தின் முன் வைக்க அந்தக் கடிதத்தின் நகல் இருக்கும்.