பக்கத்துப் பிளாசாவில் கஞ்சாக் கடை: எமக்குக் கேட்க உரிமை உண்டா?

ஒன்ராறியோவில் அண்மையில் வந்து குடியேறிய எமது குடும்பங்கள் பலவும் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிற பிளாசாவிலேயே கஞ்சாக் கடை திறக்கிறார்களாம். இதைக் கேட்க ஆளில்லையா?" ஊரில் கஞ்சா என்றால் பொலிஸ், கோடு, மறியல் என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம். சாப்பாட்டுக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் பெயர்ப்பலகை போட்டுக் கஞ்சா விற்பதைக் கண்டால் மனம் பதறுவது இயல்பே. ஆனால் பதற்றத்தோடு நகரசபைக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். போன இடம் பிழையானது என்பதே காரணம்.

கனடா மத்திய அரசின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. பயிரிடுவதற்கும் பொருளைத் தயாரிப்பதற்கும் அனுமதி கொடுப்பது மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களம். கடையில் விற்பதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாகாணங்களுக்கு விடப்பட்டது. ஒன்ராறியோவில் அந்தப் பொறுப்பு மதுபான, சூதாட்ட ஆணைக்குழுவிடம் இருக்கிறது. ஏஜிசிஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மாகாணத்தின் முதற் கடைகள் 2019 ஏப்ரல் 1 ஆந் திகதி திறந்தன. அப்போது குலுக்கல் மூலம் 25 பேருக்கே வாய்ப்புக் கிடைத்தது. 2020 இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் கடைகள் மளமளவென்று பெருகி ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

அப்படியானால் நகரசபைக்கு என்ன வேலை? அதற்குக் கொடுக்கப்பட்டது ஒரேயொரு பெரிய முடிவுதான். தன் எல்லைக்குள் கஞ்சாக் கடைகள் வேண்டுமா, வேண்டாமா என்று 2019 ஜனவரி 22 ஆந் திகதிக்குள் சொல்ல வேண்டும். வேண்டாமென்று சொன்ன சபை பின்னர் மனம் மாறி வேண்டுமென்று சொல்லலாம். வேண்டுமென்று ஒருமுறை சொன்ன சபையோ அதன்பிறகு பின்வாங்க முடியாது. ரொறன்ரோ வேண்டும் என்றது. மார்க்கமும் மிசிசாகாவும் வேண்டாம் என்றன. அதனால் 2019 இல் ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு வேடிக்கை நடந்தது. வீதியின் தெற்குப் பக்கம் ரொறன்ரோ, கடை போடலாம். வடக்குப் பக்கம் மார்க்கம், போட முடியாது. இரு பக்கமும் வாழ்வது நாம்தான், கடப்பதோ ஒரு சிக்னல் விளக்கு. மிசிசாகா 2023 ஏப்ரலில் தன் முடிவை மாற்றிக் கதவைத் திறந்துவிட்டது. கடைகள் இல்லாத நகரத்தில் சட்டவிரோத விற்பனைதான் வளர்கிறது என்பது அங்கு எழுந்த வாதங்களில் ஒன்று. அந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட எம்மால் முடியவில்லை.

எம்மவர் பலருக்குத் தெரியாத விடயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் கடை, எந்த நிலத்தில் தொழிற்சாலை என்று பிரிக்கும் வலய விதிகளை இந்நாட்டில் வகுப்பது நகரசபையே. ஆகவே "இந்த வலயத்தில் கஞ்சாக் கடை கூடாது" என்று ஒரு துணைவிதி போட்டால் போதுமே என்று நினைக்கத் தோன்றும். அதைத்தான் மாகாணச் சட்டம் தடுக்கிறது. கஞ்சாக் கடையை மற்றச் சில்லறைக் கடைகளிலிருந்து வேறுபடுத்தி நகரசபை வலய விதி வகுக்கக் கூடாது. அதற்கென்று தனியாக லைசன்ஸ் முறை வைக்கவும் கூடாது. சட்டத்தின் கண்ணில், சேலைக் கடை வைக்கக்கூடிய இடத்தில் கஞ்சாக் கடையும் வைக்கலாம். ஒரு கடைக்கும் அடுத்த கஞ்சாக் கடைக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற விதியும் மாகாணத்தில் இல்லை. ரொறன்ரோவின் குயீன் வீதி மேற்கில் வரிசையாகக் கடைகள் முளைத்தது இதனால்தான். இந்த விடயத்தில் மாகாண அரசு நகரசபைகளின் கையைக் கட்டிப்போட்டது சரியல்ல என்பதே எமது அபிப்பிராயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ளூர்ச் சபை சாதகமாகப் பரிந்துரை செய்யாவிட்டால் மாகாணம் அனுமதி கொடுப்பதில்லை. வன்கூவர் நகரம் 2015 இலேயே, முழு நாட்டிலும் சட்டமாவதற்கு முன்னரே, பாடசாலையிலிருந்து 300 மீற்றர், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு 300 மீற்றர் என்று விதி வகுத்தது.

ஒன்ராறியோவில் உள்ள தூரக் கட்டுப்பாடு ஒன்றுதான். பாடசாலையிலிருந்து 150 மீற்றருக்குள் கஞ்சாக் கடை இருக்கக் கூடாது. இங்கே "பாடசாலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாகாணக் கல்விச் சட்டம் பாடசாலை என்று ஏற்பதுதான் பாடசாலை. அச்சட்டத்தின் கீழ் வரும் தனியார் பாடசாலையும் இதில் அடங்கும். ரியூசன் நிலையம் அடங்காது. சனிக்கிழமை பிளாசா மாடியில் நடக்கும் நடன, மிருதங்க வகுப்பு அடங்காது. குழந்தைகள் பராமரிப்பு நிலையம், பூங்கா, நூலகம், கோயில், தேவாலயம் ஒன்றும் அடங்காது. கோயிலுக்கு நேர் எதிரே கடை வந்தாலும் 150 மீற்றர் விதியைக் காட்டி எதிர்க்க முடியாது.

அப்படியென்றால் வாய்மூடி இருக்க வேண்டியதுதானா? இல்லை. ஒரு கடைக்கு விண்ணப்பம் வந்ததும் ஆணைக்குழு அந்த இடத்தில் ஓர் அறிவித்தலை ஒட்டச் செய்யும். அது 15 நாட்கள் அங்கே இருக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் நகரசபையும் அந்த ஊரில் வசிப்பவர்களும் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். கனடாக் குடியுரிமை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கு வசிப்பவராக இருந்தால் போதும். நேற்று வந்த குடும்பமும் எழுதலாம். ஆனால் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். "எமது கலாசாரத்துக்கு ஒவ்வாது", "வீட்டு விலை விழும்", "ஏற்கெனவே மூன்று கடை இருக்கிறது" என்பவை எடுபட மாட்டா. மக்களின் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோர் கைக்குக் கஞ்சா போகாமல் தடுப்பது, கள்ள வியாபாரத்தைத் தடுப்பது ஆகிய மூன்றில் ஒன்றோடு உங்கள் கருத்துத் தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். "இந்தக் கடையின் வாசலும் ரியூசன் நிலையத்தின் வாசலும் ஒரே நடைபாதையில் திறக்கின்றன, மாலை 5 மணி முதல் 8 மணி வரை பத்து வயதுப் பிள்ளைகள் பெற்றோர் இன்றி அங்கே காத்து நிற்கிறார்கள்" என்று எழுதுவது, ஐந்நூறு கையெழுத்து வாங்குவதைவிடப் பயன் தரும். எழுதினால் கடை நின்றுவிடும் என்று நாம் உறுதி சொல்ல மாட்டோம்.

கடைக்குள் 19 வயதுக்குக் குறைந்த எவரும் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் பொருள் வெளியில் நிற்கும் இளையோர் கண்ணில் படக் கூடாது என்பதும் சட்டம். கண்ணாடிகளை மூடி வைப்பது அதற்காகத்தான். ஏதோ மர்மம் நடக்கிறது என்று நினைத்துக் கலங்க வேண்டியதில்லை.

பயிரிடும் இடங்களின் கதை வேறு. அங்கே நகரசபையின் வலய விதிக்குப் பல் இருக்கிறது. எந்த வலயத்தில், வீடுகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று சபை தீர்மானிக்கலாம். நயாகராப் பக்கமுள்ள பெல்ஹாம் நகரம் 2020 இல் கஞ்சாத் தோட்டங்களின் நாற்றத்தைக் கட்டுப்படுத்தவே துணைவிதி போட்டது.

எம்மவரில் கடைக் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு வார்த்தை. அனுமதியில்லாத கஞ்சாக் கடை நடத்தத் தெரிந்துகொண்டே இடம் கொடுத்தால் கட்டடச் சொந்தக்காரரும் குற்றவாளியே. தனி ஒருவருக்கு இரண்டரை இலட்சம் டொலர் வரை தண்டம் விதிக்கலாம், சிறையும் உண்டு. கூடுதல் வாடகை தருகிறேன் என்று ஒருவர் வந்தால், முதலில் ஏஜிசிஓ அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குக் கஞ்சா கொடுப்பது, நட்புக்குச் சும்மா கொடுத்தாலும், 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். உச்ச தண்டனை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தண்டிக்கப்படும் நிரந்தர வதிவாளர் நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். 19 வயதான மகன் கடையில் சட்டப்படி வாங்கி 17 வயதுத் தோழனுக்குக் கொடுத்தால், அந்த வீட்டின் அகதி வழக்கு வென்ற சந்தோசம் அன்றோடு போய்விடும். கடை எங்கே வருகிறது என்பதைவிட இதைத்தான் முதலில் வீட்டில் பேச வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

அறிவித்தல் தமிழில் வராது. உங்கள் பிளாசாவில் வெறுமையாகக் கிடக்கும் கடையின் கண்ணாடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கக் கண்டால், பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்துப் பாருங்கள். கருத்துத் தெரிவிக்கக் கடைசித் திகதி அதிலேயே எழுதியிருக்கும்.