வேரையும் கணக்குப் பார்க்கலாம்

"வேர் நல்லா ஓடியிருக்கு" என்கிறோம். எவ்வளவு? பேங்கில் இருந்த புத்தி, எண் கேட்கிறது. ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருள், ஸ்கேன் செய்த படத்திலிருந்தே வேரின் மொத்த நீளம், தடிமன், நுனிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிடும்.

செடியைப் பிடுங்காதீங்க; தண்ணியும் சத்தும் உறிஞ்சும் சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்கட்டியோடு தோண்டி, ஊறவைத்து, சல்லடைமேல் அலசணும். வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் கண்ணாடித் தட்டில் தண்ணீர்விட்டுப் பரப்பி ஸ்கேன் செய்யணும்.

ஜீவாமிர்தம் விட்ட பாத்தி, விடாத பாத்தி இரண்டிலும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில், ஐந்தைந்து செடி எடுங்க. வேர் வளர்க்கும் மருந்தென்று டப்பா விற்க வருபவரிடமும் இந்தக் கணக்கைக் கேளுங்க. ஒன்று, செத்த வேரையும் அது சேர்த்து எண்ணிவிடும். அலசும்போதே பொறுக்கிப் போட்டுடணும்.