கடலோர நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு

கடலோர நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்பது கழிமுகம், உப்பங்கழி, சேற்றுத்திட்டு, உப்பளம் ஆகிய இடங்களில் உள்ள பறவைகளை ஒரே காலத்தில் இனவாரியாக எண்ணிப் பதிவு செய்யும் பணியாகும். இதில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 ஆம் ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிப் பின்னர் ஆசியாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் வனத்துறையும் மாணவர்கள், பறவை ஆர்வலர்கள் துணையுடன் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை நடத்துகிறது.

காலம்

ஆசியக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரி மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நடைபெறுகிறது. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் அப்போது குளிர்காலத் தங்குமிடங்களில் நிலைகொண்டிருக்கும். எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒரே நாட்களில் எண்ணுவதால், ஒரே கூட்டம் இரு இடங்களில் எண்ணப்படும் வாய்ப்பு குறைகிறது.

எண்ணும் முறை

சிறிய கூட்டமாயின் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் இருந்தால் முதலில் 10 அல்லது 100 பறவைகளைச் சரியாக எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். அதே அளவு கூட்டம் முழுவதிலும் எத்தனை முறை அடங்குகிறது என்று கணக்கிட்டால் தோராயமான எண்ணிக்கை கிடைக்கும். கூட்டம் பறந்துவிட்டால் கணக்கு கலைந்துவிடும். ஆகவே தொலைவில் நின்று இருகண்ணோக்கி மூலம் எண்ணுவர்.

கடற்கரையில் ஓதத்தையும் பார்க்க வேண்டும். வற்றத்தின்போது பறவைகள் சேற்றுப்பரப்பெங்கும் சிதறி இரைதேடும். ஓதம் ஏறும்போது மேட்டுப்பகுதிகளில் நெருங்கி ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுவே வசதியான நேரம். நீர் எப்போது ஏறும், பறவைகள் எங்கே ஒதுங்கும் என்பதை அறிந்த உள்ளூர் மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்களின் உதவி இங்கு பெரிதும் பயன்படும்.

பறவை எதுவும் தென்படாத இடத்திலும் சென்ற நாள், நேரம் ஆகியவற்றுடன் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவே இல்லையென்றால், பறவைகள் வரவில்லையா, எண்ண ஆள் வரவில்லையா என்று பின்னாளில் பிரித்தறிய முடியாது.

பயன்

ஈரநிலங்களைக் காக்க 1971 இல் ஏற்பட்ட ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல்களுள் இரண்டு நேரடியாக இந்த எண்ணிக்கையைச் சார்ந்தவை. ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கினாலோ, ஒரு நீர்ப்பறவைத் தொகையில் 1 விழுக்காடு அங்கு வழக்கமாகத் தங்கினாலோ, அது பன்னாட்டு முக்கியத்துவம் உடையதாகக் கருதப்படலாம். ஒரு தொகையில் ஒரு இலட்சம் பறவைகள் உள்ளன எனில், 1,000 பறவைகள் கூடும் கழிமுகமும் இதற்குத் தகுதி பெறும். "வழக்கமாக" என்பதை நிறுவ ஓராண்டுக் கணக்கு போதாது.

பூநாரைகளும் உள்ளான்களும் பெருந்திரளாகக் கூடும் கோடியக்கரை 2002 ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் இத்தகுதி பெற்ற ஒரே இடமாக அது இருந்தது.

வரம்புகள்

மழையளவு, நீர்மட்டம் ஆகியவற்றைப் பொறுத்துப் பறவைகள் அருகிலுள்ள வேறு நீர்நிலைக்கு இடம் மாறக்கூடும். எனவே ஓராண்டில் எண்ணிக்கை குறைந்தால் அதை அழிவு எனக் கொள்ள இயலாது. அதே இடத்தில் அதே முறையில் பல ஆண்டுகள் எண்ணும்போதுதான் உண்மையான சரிவு புலப்படும். தன்னார்வலர் ஆண்டுதோறும் தவறாமல் வருவதன் மதிப்பு இதுவே.